கூடைப்பந்துக்காக எடுத்த ஆட்கள்

எங்கள் தொழிலில் உயரத்தைப் பார்த்து ஆளை எடுப்பார்கள்; ஆட்டத்தைப் பார்ப்பதற்குள் ஆள் வேலையில் சேர்ந்திருப்பான்.

தொழில் என்று நான் சொல்வது கூடைப்பந்து. சுதந்திரத்துக்குப் பின் பெங்களூரைச் சுற்றிப் புதிது புதிதாகப் பெரிய தொழிற்சாலைகள் எழும்பிய காலம் அது. ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் ஒரு கொடி, ஒரு சங்கு, ஒரு விளையாட்டு அணி வேண்டியிருந்தது. உதைக்கிறவன், எறிகிறவன், தாண்டுகிறவன் என்று தேடிப் பிடித்து வேலை கொடுத்தார்கள். காகிதத்தில் ஃபிட்டர் என்றும் கிளார்க் என்றும் இருக்கும். சம்பளம் என்னவோ பந்துக்குத்தான். அப்படி எடுக்கப்பட்டு, எடுத்தவர்களின் ஆசையில் மண்ணைப் போட்ட இருவரில் நான் ஒருவன்.

இதைப் படிக்கிறவர்களில், பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு தடவை முதல் மார்க் வாங்கிவிட்டு ஆயுள் முழுக்க அவதிப்பட்டவர்கள் இருப்பீர்கள். “இவன் வந்துட்டான்ல, இனிமே கவலையில்லை” என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பின்வாசலைத் தேடியவர்கள் இருப்பீர்கள். நீங்களெல்லாம் எனக்குப் பங்காளிகள். உங்களிடம் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அடக்கம்

எங்கள் வீடு அல்சூரில், மாதா கோவிலுக்குப் பின்சந்தில். அப்பா ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் இருந்தார். எங்கள் வம்சத்தில் யாரும் நடுத்தர உயரத்தைத் தாண்டியதில்லை. நான் மட்டும் யாரையும் கேட்காமல் வளர்ந்துவிட்டேன். பூசையில் எனக்குப் பின்னால் முழந்தாளிடுகிறவர்களுக்குப் பீடம் தெரியாது. பள்ளிக்கூடத்துப் பாதிரியார் என்னைப் பார்த்ததும் பந்தைக் கையில் கொடுத்தார். எனக்கு ஆட வருமா என்று அவரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

பள்ளிக்கூடம் முடித்தபின் எங்கள் பேட்டை கிளப்புக்காக ஒரு ஆட்டம் ஆடினேன். கடைசி நிமிஷம், ஒரு புள்ளி பின்தங்கியிருக்கிறோம். மைதானத்தின் பாதியில் நின்றிருந்த என்னிடம் பந்து வந்து ஒட்டிக்கொண்டது. கூடைக்குப் பக்கத்தில் எங்கள் கேப்டன் கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். பதறிப்போய் அவனுக்கு எறிந்தேன். பந்து அவன் கைக்கு ரொம்ப உயரத்தில் பறந்து, நேரே கூடைக்குள் இறங்கிவிட்டது. ஜனங்கள் என்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். உயரமானவனைத் தூக்குவது அவர்களுக்கும் சிரமமாகத்தான் இருந்தது.

கூட்டம் கலைந்ததும் சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒருவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். ராமராவ் என்று பெயர், ஒரு புதிய தொழிற்சாலையின் வெல்ஃபேர் ஆபீசர். பக்கத்தில் அவருடைய உதவியாளர். அந்தக் கடைசி எறியை எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டார். சார், அது கூடைக்கு எறிந்ததே இல்லை, கேப்டனுக்கு எறிந்தது, குறி தப்பிவிட்டது என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை கண்ணால் அளந்தார். பிறகு உதவியாளரிடம் திரும்பிச் சொன்னார்:

“உயரம் இருக்கு, ஆட்டம் இருக்கு, இந்த வயசுல இவ்வளவு அடக்கமும் இருக்கு. வேற என்ன வேணும்?”

முட்டை

வேலையில் சேர்ந்ததும் கான்டீனில் எங்களுக்கென்று ஒரு தனி மேஜையைக் காட்டினார்கள். காலைப் பயிற்சி முடிந்ததும் ஆட்டக்காரர்களுக்கு ஆளுக்கு இரண்டு அவித்த முட்டை, பெரிய டம்ளரில் பால். மற்ற தொழிலாளிகளுக்கு உப்புமாவும் டீயும். அவர்கள் வரிசையில் நிற்கும்போது நாங்கள் முட்டையை உரித்துக்கொண்டிருப்போம். ஒருத்தராவது முகத்தைச் சுளித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர்களோ, நல்லா சாப்பிடு தம்பி, இந்த வருஷமாவது கோப்பை நம்ம கேட்டுக்குள்ள வரணும் என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போவார்கள். மரியாதைக்கு நான் எழுந்து நிற்பேன்; தோள் எட்டாததால் முழங்கையில் தட்டுவார்கள்.

எங்கள் பயிற்சியாளர் மாச்சையா குடகுக்காரர். பட்டாளத்தில் சுபேதாராக இருந்தவர். தமிழ், கன்னடம், இந்துஸ்தானி மூன்றும் கலந்து பேசுவார். என் ஆட்டத்தைத் திட்ட அவருக்கு மூன்றும் போதவில்லை. என்னிடம் இருந்த கோளாறு இதுதான்: பந்து வருவதற்கு முன்னால் கை மூடிக்கொள்ளும், இல்லையென்றால் போனபிறகு மூடும். தொழிற்சாலை பஸ்ஸில் வரும்போதும் போகும்போதும் பந்தை மடியிலேயே வைத்துக்கொள், பழகட்டும் என்றார். அப்படியே செய்தேன். மழையோ வெயிலோ, அல்சூர் ஏரிக்கரை வழியாக மடியில் பந்தோடு போய்வந்தேன். பந்து மட்டும் என்னோடு பழக மறுத்துவிட்டது.

முதல் பெரிய ஆட்டத்தில் என்னை முழுநேரமும் ஆடவிட்டார்கள். நான் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. மறுநாள் காலையில் கான்டீனுக்குள் நுழையவே கால் கூசியது. பரிமாறுகிற முனியம்மா ஒக்கலிபுரத்துக்காரி. மனசில் பட்டதைப் பட்டென்று சொல்கிறவள், ஆனால் தட்டில் குறைவைக்க மாட்டாள். வழக்கம்போல இரண்டு முட்டையை என் தட்டில் உருட்டிவிட்டாள். பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்:

“நேத்து ரெண்டு முட்டை துன்னுட்டுப் போயி ஒரு முட்டைதான் போட்டுட்டு வந்துகீறே. இன்னும் ஒண்ணு பாக்கி, தம்பி.”

விருந்தாளி

காகிதத்தில் ஒரு வேலை இருக்கும் என்று சொன்னேன் அல்லவா, என் காகிதத்தில் ஃபிட்டருக்கு உதவியாள். காலைப் பயிற்சிக்கும் மத்தியானப் பயிற்சிக்கும் நடுவே ஷாப்பில், அதாவது பட்டறையில், இருக்கவேண்டும். எந்த ஃபோர்மேனுக்கும் இப்படிப்பட்ட ஆளைப் பிடிக்காது. எங்கள் ஃபோர்மேன் நஞ்சுண்டய்யா என்னை ‘நெண்டரு’ என்றுதான் கூப்பிடுவார். கன்னடத்தில் ஊரிலிருந்து வந்த உறவுக்காரர் என்று அர்த்தம். வந்த விருந்தாளியை வேலை வாங்கக்கூடாது என்று ஒரு ஸ்டூலைக் காட்டிவிட்டுப் போய்விடுவார். அந்த ஸ்டூலில் என் முழங்கால் மோவாய் வரை வரும்.

ஒருநாள் ஃபிட்டர் ஒருவர் காய்ச்சலில் வரவில்லை. வேலை தேங்கிவிட்டது. சும்மா இருந்து என் கண்ணை உறுத்தாதே என்பதுபோல நஞ்சுண்டய்யா ஒரு அரத்தையும் இரண்டு இரும்புக் கட்டைகளையும் என் முன்னால் வைத்தார். ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் நடுவே வெளிச்சம் தெரியாமல் உட்காரவேண்டும். நீல மையைத் தடவி, ஒன்றோடு ஒன்றைத் தேய்த்துப் பார்த்தால், எங்கே மேடு இருக்கிறதோ அங்கே மை ஒட்டும். அந்த மேட்டை மட்டும் ராவவேண்டும். மறுபடி மை, மறுபடி அரம். அவ்வளவுதான் வேலை.

அந்த வேலையில் நான் கண்ட சுகத்தை எப்படிச் சொல்வது? சுற்றி நின்று வேடிக்கை பார்க்க யாரும் இல்லை. கை தட்டவும் ஆள் இல்லை, உச்சுக்கொட்டவும் ஆள் இல்லை. இரும்பு உட்கார்ந்தால் உட்கார்ந்தது, இல்லையென்றால் இல்லை. மத்தியானப் பயிற்சிக்கு விசில் ஊதியதுகூட என் காதில் விழவில்லை. என்னைத் தேடிக்கொண்டு மாச்சையாவே ஷாப்புக்குள் வந்துவிட்டார். நஞ்சுண்டய்யா அப்போதுதான் இரண்டு கட்டைகளையும் சேர்த்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்திருந்தார். வெளிச்சம் வரவில்லை. திருப்பிப் பிடித்தார். அப்போதும் வரவில்லை. வாசலில் கழுத்தில் விசிலோடு நின்ற மாச்சையாவை ஏற இறங்கப் பார்த்துக் கேட்டார்:

“இவன் கையில பந்தைக் குடுத்தவரு யாரு சுபேதாரே, நீங்களா?”

மூச்சு

அந்த இருவரில் மற்றவன் டேனியல்; அவன் என்னைப் போல இல்லை. அவனுக்கு உண்மையாகவே ஆட்டம் வரும். மதராஸில் கல்லூரி அணியில் பெயர் எடுத்தவன். வேறு தொழிற்சாலைகளும் அவனைக் கேட்டுப் போட்டியிட்டபோது, குவார்ட்டர்ஸ் தருகிறோம் என்று சொல்லி எங்கள் ஆட்கள் அழைத்துவந்தார்கள். அதிர்ந்து பேசமாட்டான். பயிற்சியில் எந்த மூலையில் நிறுத்தினாலும், எந்தக் கையால் எறிந்தாலும் பந்து வளையத்தில் படாமல் உள்ளே இறங்கும். வலை அசைகிற சத்தம் மட்டும் கேட்கும். யாரையும் பாராட்டிப் பழகாத மாச்சையா, சிரிப்பு வெளியே தெரியாமல் இருக்க வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். ஆனால் ஆட்டம் என்று ஜனம் கூடிவிட்டால் டேனியல் சுருங்கிப்போவான். பந்து கையில் வந்த மறு வினாடி, சுட்டதுபோல அடுத்தவனுக்குத் தள்ளிவிடுவான். பெருந்தன்மை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அந்த வருஷத்துப் பெரிய போட்டியில் எப்படியோ அரையிறுதிக்கு வந்துவிட்டோம். அன்றைக்குத் தொழிற்சாலையில் அரை நாள் விடுமுறை விட்டார்கள். டிபன் கேரியரும் குழந்தைகளுமாகப் பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். நேரம் முடியும்போது நாங்கள் ஒரு புள்ளி பின்னால். கடைசி வினாடியில் டேனியலை ஒருவன் தள்ளிவிட்டதால் அவனுக்கு இரண்டு எறிகள் கிடைத்தன. கோட்டில் நின்று, யாரும் தடுக்காமல், தனியாக எறியலாம். இரண்டும் விழுந்தால் ஜெயம். தூக்கத்தில் எழுப்பிச் சொன்னாலும் அவன் போட்டுவிடுவான். நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். மைதானமே அடங்கிவிட்டது. டேனியல் பந்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றான். நின்றுகொண்டே இருந்தான். நடுவர் கொடுத்த நேரம் தீர்ந்து, முதல் எறி போய்விட்டது. இரண்டாவதை எறிந்தான். பந்து வளையம் வரைக்கும்கூடப் போகவில்லை. ஒருத்தரும் திட்டவில்லை. பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்கள். திட்டியிருக்கலாம்.

மைதானத்துக்குப் பின்னால் ஒரு குழாயடி இருந்தது. அவன் தலையைக் குழாய்க்கடியில் கொடுத்துக்கொண்டு வெகுநேரம் குனிந்தே இருந்தான். நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். குழாயை மூடிவிட்டு அவனாகவே சொன்னான்:

“எல்லாரும் ஒரே நேரத்துல மூச்சை நிறுத்திட்டாங்க, சூசை. நான் பந்தை விட்டாத்தான் அவங்க மூச்சு விடுவாங்கன்னு தோணிச்சு. அப்புறம் எனக்குக் கை எழும்பல.”

கைப்பிடி வைத்த நாற்காலி

இந்த அமளிக்கு நடுவில் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெண்ணின் அப்பா சவரிமுத்து, கமர்ஷியல் தெருவில் தையல்கடை வைத்திருந்தவர். மகள் ரோஸ்லின் கான்வென்ட் பள்ளிக்கூடத்தில் டீச்சர். மாப்பிள்ளை பெரிய ஆட்டக்காரர் என்று யாரோ அவர் காதில் போட்டிருந்தார்கள். வாக்குக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு ஆட்டம் பார்த்துவிடுகிறேன் என்று மகளையும் அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். நான் மாச்சையாவிடம் விஷயத்தைச் சொல்லி, ஐந்து நிமிஷமாவது உள்ளே விடுங்கள் என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார். ஆட்டம் கடைசிவரை இழுபறியாகவே போனதால் என்னை விட்டுப்பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. வெளியே இருக்கிறவர்கள் உட்கார ஆபீஸிலிருந்து நாற்காலிகள் போட்டிருந்தார்கள். என் உடம்புக்கு மற்றது பற்றாது என்று எனக்கு மட்டும் கைப்பிடி வைத்த பெரிய நாற்காலி. அதில் உட்கார்ந்து ஆட்டம் முழுவதையும் பார்த்தேன்.

சம்பந்தம் போயிற்று என்று நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். சவரிமுத்து, ஆட்டம் பார்க்க வந்திருந்த என் அப்பாவிடம் நேரே போய் கையைப் பிடித்துக்கொண்டார். மற்ற பையன்கள் எல்லாம் வேர்த்து விறுவிறுத்து ஓடுகிறார்கள், உங்கள் பிள்ளை கோட்டுக்குள் காலே வைக்கவில்லை, சீனியர் என்றால் அந்த மரியாதை இருக்கத்தான் வேண்டும் என்றார். அப்பாவுக்கும் இந்த ஆட்டம் தெரியாது. அவரும் பெருமையாகத் தலையாட்டினார்.

கோவிலில் ஓலை வாசித்துக் கல்யாணத்தை அறிவிப்பதற்கு முன்னால் உண்மையைச் சொல்லிவிடவேண்டும் என்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா சிலை இருக்கும் கெபிக்குப் பக்கத்தில் ரோஸ்லினை நிறுத்தினேன். அவளுடைய சித்தி சற்றுத் தள்ளி நின்று மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தாள். நான் ஆட்டக்காரன் இல்லை, உட்கார்ந்திருக்கிறவன், சீக்கிரம் அதற்கும் வழியிருக்காது போலிருக்கிறது என்றேன். பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகளுக்கு விளையாட்டு வகுப்பு எடுப்பவளும் அவள்தான் என்று எனக்கு அதுவரை தெரியாது. அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நிதானமாகச் சொன்னாள்:

“அன்னிக்கே தெரியும். அப்பாகிட்ட சொல்லல. ஆடறவங்க மாசத்துல பாதி நாள் வெளியூர்ல இருப்பாங்க, நீங்க வீட்டுல இருப்பீங்க.”

நிற்பதும் நிற்காததும்

அரையிறுதியில் தோற்ற பிறகு மேலிடத்தில் கேள்வி எழுந்தது. டேனியலும் நானும் இன்னும் நிரந்தரமாகவில்லை. ராமராவ் இருவரையும் கூப்பிட்டனுப்பினார். கெட்ட மனிதர் இல்லை. எங்களை நம்பிப் பேசியவர் என்பதால் கூட்டத்துக்குக் கூட்டம் அவரைத்தான் குடைந்தார்கள். அதைக் கோபமில்லாமல், அலுப்போடு சொன்னார். அணியில் இல்லாத ஆட்டக்காரனை நிரந்தரமாக்க வழியில்லை. எந்த செக்‌ஷனாவது இந்த ஆள் எனக்கு வேண்டும் என்று கேட்டால் ஒழிய, மாதக் கடைசியோடு சரி என்றார். எனக்கு ஓலை வாசித்தாகிவிட்டது. அப்பாவுக்கு அந்த வருஷம் ஓய்வு. டேனியலோ, தனியாக இருக்கும் தாயை மதராஸிலிருந்து அழைத்துவர குவார்ட்டர்ஸுக்கு வெள்ளையடித்து வைத்திருந்தான்.

ஷாப்புக்குப் போய் நஞ்சுண்டய்யா முன்னால் நின்றேன். விஷயம் எனக்கு முன்பே அங்கே வந்திருந்தது. அவர் கையிலிருந்த எண்ணெயைக் கழிவுப் பஞ்சில் துடைத்தார். வா என்றுகூடச் சொல்லாமல் முன்னால் நடந்தார். ஆபீஸ் கட்டடத்துக்குள் அவர் போய் யாரும் பார்த்ததில்லை. ராமராவ் அறையின் அரைக் கதவுக்கு வெளியே நான் நின்றேன். கதவுக்கு மேலே என் தலை தெரிந்துகொண்டிருந்தது, அதை ஒன்றும் செய்யமுடியாது. நஞ்சுண்டய்யா கன்னடத்தில் ஆரம்பித்து, ராமராவுக்கு உறைக்கவேண்டிய இடத்தில் தமிழுக்கு மாறினார். அது எனக்கும் கேட்கட்டும் என்றுதான் என்று நினைக்கிறேன். பந்துக்காக எடுத்த இவ்வளவு உயரமான பையனை ஷாப்பில் நிறுத்தினால் மேலிடத்துக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று ராமராவ் கேட்டார். நஞ்சுண்டய்யா சொன்னார்:

“பந்து இவன் கையில நிக்கறதில்ல சார், அரம் நிக்குது. நிக்கறதை நான் எடுத்துக்கறேன், நிக்காததை நீங்க வெச்சுக்கங்க.”

மசால் தோசை

நான் ஷாப்புக்கு மாறியது மாச்சையாவுக்கு அப்போது தெரியாது. அணியிலிருந்து என்னை நீக்கிவிட்டதைச் சொல்லும்படி மட்டும் அவருக்கு உத்தரவு. மைதானத்தில் வைத்துச் சொல்ல மனம் வராமல், என்னை ஒரு ஹோட்டலுக்கு அழைத்துப் போனார். எனக்கு மசால் தோசை வரவழைத்தார். தனக்குக் காப்பி மட்டும். பட்டாளத்தில் நடந்த கதைகளைச் சொன்னார். மனுஷனுக்கு வாழ்க்கையில் ஆட்டம் மட்டும் இல்லை என்றார். தோல்வி என்பது என்னவென்று கன்னடத்தில் ஏதோ ஆரம்பித்து நடுவில் விட்டுவிட்டார். காப்பி ஆடை கட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் டம்ளரைப் பார்த்துக்கொண்டே, இனிமேல் பயிற்சிக்கு வரவேண்டாம் சூசை என்றார்.

என் வயிற்றில் வெகுநாளாக உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து வெளியே போனது போலிருந்தது. இனி விசில் இல்லை. மடியில் பந்து இல்லை. முழங்கையில் தட்டிக்கொடுக்கிறவர்கள் இல்லை. திடீரென்று பசித்தது. சர்வரைக் கூப்பிட்டு இன்னொரு மசால் தோசை சொன்னேன். சட்னியும் கேட்டு வாங்கினேன். தலையை நிமிர்த்தியபோது மாச்சையா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு மனத்தாங்கல். சொன்னார்:

“ஸ்வல்பமாவது வருத்தப்படுப்பா. இதை எப்படிச் சொல்றதுன்னு எனக்கு ரெண்டு நாளா சோறு இறங்கல.”

அடியில்லாத கூடை

டேனியலை டெஸ்பாட்ச் செக்‌ஷன் எடுத்துக்கொண்டது. மதராஸுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் எங்கள் லாரிகள் அத்திபெலே மாநில எல்லையில் காகிதம் காட்டிவிட்டுப் போகவேண்டும். அதைக் கவனிக்க அங்கே ஒரு ஆள் தேவைப்பட்டது. புழுதியும் புகையும் நிறைந்த அந்த இடத்துக்குப் போக யாரும் ஒப்பவில்லை. அவன் போகிறேன் என்றான். தாயையும் அங்கேயே அழைத்துக்கொண்டு ஒரு சிறிய வாடகை வீடு பிடித்தான். நாடு கடத்திவிட்டார்கள் என்று கான்டீனில் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எனக்குக் கல்யாணமான பிறகு, லாரி டிரைவர் ஒருவர் மூலம் டேனியல் ஒரு செய்தி சொல்லியனுப்பினான். ஒரு இரும்பு வளையம் வேண்டும், அளவு உனக்கே தெரியும் என்று. கழிவுக் கம்பியை நஞ்சுண்டய்யாவிடம் கேட்டு வாங்கி, வளைத்து, பற்றவைத்து, பிசிறு ராவி எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். செக்போஸ்டுக்குப் பின்னால் ஒரு பழைய கிடங்கின் சுவரில் அதை இருவருமாக அறைந்தோம். லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. மதகுமேல் டிரைவர்கள் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு, தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் மழையைப் பற்றியும் டயர்களைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். டேனியல் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு பந்தை எடுத்தான்.

வலதுகையால் போட்டான், இடதுகையால் போட்டான், லாரியின் பின்பக்கத்தை ஒட்டி நின்று போட்டான். ஒன்றுகூட வளையத்தைத் தொடவில்லை. பேச்சு நிற்கவில்லை, யாரும் டீயைக் கீழே வைக்கவில்லை. ஒரு கிளீனர் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தான். ஒரு தடவை பந்து உருண்டு ஓடியபோது அதன் பின்னால் ஓடிக்கொண்டே டேனியல் சத்தமாகச் சிரித்தான். அவன் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஓசூர்க்காரரான பெரியசாமி என்ற வயதான டிரைவர் மட்டும் வெகுநேரமாக அதைக் கவனித்துக்கொண்டிருந்தார். கடைசியில் எழுந்து வந்து, டேனியல் காதில் விழாதபடி என்னிடம் கவலையோடு சொன்னார்:

“அந்தக் கூடைக்கு அடியே இல்லைங்க. அவரு எத்தனை தடவை போட்டாலும் ரொம்பாது, யாராச்சும் அவருகிட்ட எடுத்துச் சொல்லக்கூடாதா?”

இவனுக்கு ஆட வராது என்று ஊரே ஒருமனதாக ஒப்புக்கொண்ட பிறகு ஒரு மனிதனுக்குக் கிடைக்கிற நிம்மதி இருக்கிறதே, கோப்பை வாங்கிய எவனும் அதைப் பற்றிப் பேசி நான் இன்றுவரை கேட்டதில்லை.